கரையில் தண்டல்தான் பேசுவார்

அன்றைக்குத் தோணியில் இருந்தவர்கள் இவர்கள்.

தண்டல் சந்தியாகு. தோணிக்கு அவர்தான் தலைவர். என் மனைவி ரோசம்மாளின் அண்ணன். எனக்கு மச்சான். தண்டலாக அதுதான் அவருக்கு முதல் நடை, முதல் பயணம்.

தொம்மை. பாய்மரக் கயிறும் கப்பியும் அவன் பொறுப்பு.

சூசை அண்ணாச்சி. சமையல்.

லூர்து, பிச்சை. தருவைகுளத்து அண்ணன் தம்பி.

முதலாளியின் கணக்கப்பிள்ளை. மூட்டை எண்ண வந்தவர்.

பிறகு நான், ராயப்பன். நானும் இருந்தேன் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

புதுத் துறைமுகம் வந்து கப்பல்கள் அங்கே போய்விட்டன. தோணிகள் பழைய துறைமுகத்தில்தான், நாங்கள் பாலம் என்று சொல்லும் தோணித்துறையில். கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்தோம். காலையில் சூசை அண்ணாச்சி கொடுத்த கருப்பட்டிக் காப்பி குடித்தது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, ஆஸ்பத்திரி பெஞ்சு. சட்டை நனைந்திருந்தது. வலது காதுக்கு மேலே துண்டு வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார் மச்சான். நடுவில் ஒன்றும் இல்லை. இன்று வரை இல்லை.

டாக்டர் சின்ன வயசுக்காரர். பொறுமையாகக் கேட்டார். மயக்கம் போட்டீங்களா என்றார். எனக்கு என்ன தெரியும். மயங்கினவனுக்கு மயங்கினது எப்படித் தெரியும். தெரியல சார் என்றேன். அவர் கூட வந்தவர்களைப் பார்த்தார். தொம்மை தரையைப் பார்த்தான். லூர்து மச்சானைப் பார்த்தான்.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். தோணியில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடலில் யாரும் பேசலாம். கரையில் தண்டல்தான் பேசுவார். சுங்கத்தார் வந்து கேட்டாலும், துறைமுக ஆபீசில் கேட்டாலும், போலீஸ் கேட்டாலும் தண்டல் ஒருவர்தான் பதில் சொல்வார். மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டோம். கேட்டால், தண்டல் சொன்னதுதான் என்போம். ஆளுக்கு ஒன்றைச் சொல்லித் தோணி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எப்போதோ யாரோ வைத்தது. அது எங்கள் உடம்பில் ஊறியது.

மச்சான் சொன்னார்.

"மயக்கம்லாம் இல்ல சார். பாலத்துப் படியில தடுக்கி விழுந்தாரு. உடனே எந்திரிச்சுட்டாரு."

நான் தடுக்கி விழுந்தேன் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

டாக்டர் என்னிடம் திரும்பி, விழுந்தது ஞாபகம் இருக்கா என்றார். இருக்கு சார், தடுக்கிருச்சு என்றேன். தண்டல் சொல்லிவிட்டார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

வாந்தி எடுத்தாரா என்று கேட்டார். இல்லை என்றார் மச்சான். காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீரோ வந்ததா என்று கேட்டார். இல்லை. அது நிஜம். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கையை அழுத்தச் சொன்னார். நடக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு தையல் போட்டார்.

தையல் போடும்போது மச்சான் கேட்டார்.

"பொதுவாக் கேக்கேன் சார். மயங்குனவுகளா இருந்தா என்ன செய்வீங்க?"

தலைக்கு எக்ஸ்ரே எடுப்போம், ஒரு ராத்திரி இங்கே வைத்திருப்போம், அடிக்கடி எழுப்பிப் பேச்சுக் கொடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். எழுப்பும்போது சரியாகப் பேசவில்லை என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். மயங்காதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். எல்லாரையும் வைத்துக்கொள்ள இடம் ஏது என்றார்.

மச்சான் எப்போதுமே எதையாவது கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள். அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தேன். அன்று ராத்திரி ரோசம்மாள் என்னை எழுப்பிக்கொண்டே இருந்தாள். கண் அசரும், தோளைத் தட்டுவாள். நான் யாரு, சொல்லுங்க என்பாள். ரோசு என்பேன். நம்ம தெருப் பேரு என்ன என்பாள். சொல்வேன். ஒரு தடவை கோபம் வந்து, "நீ யாரா, எங்க வீட்டுச் சுங்க ஆபீசரு" என்றேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் மேல் இவ்வளவு பிரியம் அவள் காட்டினதில்லை. தலையில் அடிபட்டது நல்லதுதான் என்று அப்போது நினைத்தேன்.

காலையில் மாதா கோயிலில் பூசை வைத்தார்களாம். நோயாளி ஒருவருக்காக என்று உபதேசியார் வாசித்தாராம். யாருக்கு என்று கேட்டேன். யாரோ என்றாள் ரோசம்மாள்.

தோணி கிளம்பிவிட்டது. என் இடத்துக்கு வேறு ஆள் போனான்.

ஒரு வாரம் நன்றாக இருந்தேன். தையல் பிரித்தார்கள். அதற்குப் பிறகு தலைவலி. காலையில் எழுந்தவுடன் வரும். குனிந்தால் கூடும். இருமினால் தலை பிளக்கும். சுக்குப் பற்றுப் போட்டாள். தைலம் தேய்த்தாள். என் மாமியார் ஓமப்பொடி கொண்டுவந்தாள். வலி போகவில்லை.

மறுபடி அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். நானும் ரோசம்மாளும் மட்டும். அதே டாக்டர். முதல் நாள் எழுதியதைப் புரட்டிப் பார்த்தார். மயக்கம் இல்லைன்னுதானே சொன்னீங்க என்று கேட்டார். ஆமா சார் என்றேன். அவர் ரோசம்மாளையும் பார்த்தார். அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி கூடினால், வாந்தி வந்தால், கை கால் சோர்ந்தால் வரச் சொன்னார்.

வெளியே வந்து, ஏன் ஒரு மாதிரி இருக்க என்று கேட்டேன். வெயில் என்றாள்.

தோணி கொழும்பு போய்த் திரும்பியது. மச்சான் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். சோப்பு, கிராம்பு, ரோசம்மாளுக்கு ஒரு சேலை. எனக்கு ஒரு கைலி. என் தலையைத் தடவிப் பார்த்தார். சும்மா இருக்கீரா மாப்ளே என்றார். சும்மா இருக்கேன் என்றேன். எங்கள் பக்கம் சும்மா என்றால் நல்லா என்று அர்த்தம்.

நான் நல்லா இல்லை. அந்தக் கைலியை என்னால் இடுப்பில் முடிய முடியவில்லை. இடது கை சொன்னதைக் கேட்கவில்லை. முப்பது வருஷமாகக் கயிற்றில் முடிச்சுப் போட்ட கை. மச்சான் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவரே என் இடுப்பில் கைலியைச் செருகிவிட்டார். அவர் முகம் மாறியது. கொழும்புப் பயணத்துக் களைப்பு என்று நினைத்தேன்.

தெருவில் நடந்தால் ஒரு பக்கம் இழுத்தது. மூலைக் கடை அண்ணாச்சி, "ஏலே ராயப்பா, காலையிலேயே ஊத்திக்கிட்டியா" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கோயிலில் நேர்ந்து குடியை விட்டவன். பதில் சொல்ல வாயெடுத்தால் நாக்கு குழறியது. அன்றிலிருந்து பகலெல்லாம் தூக்கம். சோறு வாயில் இருக்கும்போதே தூங்கினேனாம். கடைசியில் எழுப்பினாலும் எழவில்லை. மச்சான் வாடகைக் கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனார்.

காரில் ரோசம்மாள் மடியில் தலை. அது ஒன்றுதான் நினைவு.

பெரிய ஆஸ்பத்திரி. எந்த வார்டு என்று எனக்குத் தெரியாது. கண் மூடியிருந்தது. காது கேட்டது. இப்படி ஒரு நிலை உண்டு. பேச முடியாது, விரல் அசையாது, ஆனால் கேட்கும். ஒரு டாக்டர், இது பக்கவாதமா இருக்கும், பிரஷரைப் பாருங்க என்றார். இன்னொருவர் பெரிய டாக்டர். அவர் என் மண்டையைத் தடவினார். தழும்பில் விரல் நின்றது.

இது என்ன என்று கேட்டார்.

சின்ன அடி சார், படியில தடுக்கி, ஒரு மாசம் இருக்கும் என்றார் மச்சான்.

மயங்கினாரா?

மச்சான் உடனே சொல்லவில்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன். ஏன் இவ்வளவு நேரம் என்று நினைத்தேன்.

"இல்ல சார்."

பெரிய டாக்டர் அவருக்கு விளக்கினார். தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. கழுத்து ரத்தக் குழாயில் ஊசி போட்டு, மருந்து ஏற்றி, அந்த மருந்து மூளைக்குள் ஓடும்போது எக்ஸ்ரே எடுப்பது. அந்தச் சோதனையிலேயே சிலருக்குக் கை கால் போய்விடும். உயிருக்கும் ஆபத்து உண்டு. அதனால் கண்டவர்களுக்கெல்லாம் செய்ய மாட்டோம். அடி பலமா, மயங்கினாரா என்பதை வைத்துத்தான் முடிவு செய்வோம். மயங்கவில்லை, லேசான அடி என்றால் முதலில் வாதத்துக்குப் பார்ப்போம். நாளைக்கோ மறுநாளோ யோசிப்போம்.

நாளைக்கு நான் இருப்பேனா என்று அவர் சொல்லவில்லை.

அப்போது ரோசம்மாள் பேசினாள்.

"மயங்குனாரு சார்."

மச்சான், ஏளா சும்மா இரு என்றார். சத்தம் போடவில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

"படியில விழல சார். தோணியில மேலேருந்து கப்பி அறுந்து மண்டையில அடிச்சிருச்சு. செத்துட்டாருன்னு நெனச்சு மரிச்சவுக செபம் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்களாம். பாதி செபத்துலதான் கண்ணத் தொறந்தாரு. அப்புறம் ரெண்டு தரம் வாந்தி."

பெரிய டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். உனக்கு எப்பம்மா தெரியும் என்று கேட்டார்.

"அன்னைக்குச் சாயந்தரமே."

எனக்குக் கண் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவளைப் பார்த்திருப்பேன். பார்க்காததும் நல்லதுதான்.

அதன் பிறகு எல்லாம் ஓட்டம். தள்ளுவண்டி. கழுத்தில் ஊசி. மருந்து ஏறியதும் வலது பக்க முகம் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. கண்ணுக்குள் வெளிச்சம் சிதறியது. தலைக்குப் பக்கத்தில் தகடுகளைச் சடசடவென்று இழுத்தார்கள். அசையாதே என்றார்கள். நான் எங்கே அசைவேன்.

பின்னால் அந்தப் படத்தை எனக்குக் காட்டினார்கள். ரத்தக் குழாய்கள் வேர் மாதிரி இருந்தன. இடது பக்கம் வேர் எலும்பை ஒட்டி ஓடியது. வலது பக்கம் எலும்புக்கும் வேருக்கும் நடுவே ஓர் இடைவெளி. அந்த இடைவெளிதான் ரத்தம் என்றார் பெரிய டாக்டர். மூளைக்கு மேலே மெல்லிய ரத்தக் குழாய் ஒன்று அறுந்து, ஒரேயடியாகக் கொட்டாமல், நாள்கணக்கில் கசிந்து சேர்ந்தது. அது மூளையை அழுத்தியது. வலது பக்கம் அழுத்தினால் இடது கை போகும். அதற்கு ஒரு இங்கிலீஷ் பேர் சொன்னார். என் வாயில் நுழையவில்லை.

மொட்டை அடிக்க ஆஸ்பத்திரி நாவிதர் வந்தார். கண் விழித்து விழித்து மூடிக்கொண்டிருந்தேன். பழனிக்கா திருச்செந்தூருக்கா என்று கேட்டார் விளையாட்டாக. என் கழுத்தில் சிலுவை கிடந்ததைப் பார்த்து, அப்ப வேளாங்கண்ணின்னு வச்சுக்குவோம் என்று தானே சொல்லிக்கொண்டார்.

முழு மயக்கம் கொடுக்கவில்லை. தோலை மரக்க வைத்தார்கள். வலி இல்லை. சத்தம் கேட்டது. ஓடாவி என்று எங்களிடம் தோணித் தச்சர்களைச் சொல்வோம். ஓடாவி பலகையில் கையால் சுற்றித் துளை போடுவாரே, அதே சத்தம். பலகைக்குள் இருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. பிறகு ஏதோ வழிந்தது. பழைய மெஷின் எண்ணெய் நிறத்தில் இருந்ததாக நர்சம்மா சொன்னார். வழிய வழிய என் இடது கை விரல் அசைந்தது. மேஜையில் படுத்துக்கொண்டே மடக்கிப் பார்த்தேன். மடங்கியது. பெரிய டாக்டர், போதும் போதும், எங்கேயும் ஓடிராது என்றார்.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரருக்கு ஊர் சோழவந்தான். தென்னையிலிருந்து விழுந்தவர். மயங்கினாரா என்று அவர் மகனிடம் கேட்டபோது, மயங்கினார், எழுந்தார், திட்டினார், திரும்பவும் மயங்கினார் என்று ஒன்று விடாமல் சொன்னானாம். அதனால் வந்த அன்றைக்கே எல்லாம் செய்துவிட்டார்கள். அவர் எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போனார். போகும்போது மகனுடைய தோளில் கை போட்டுக்கொண்டு போனார். நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

முதல் ஆஸ்பத்திரி டாக்டர் மேல் தப்பா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன்.

"அவரு சரியாத்தான் கேட்டிருக்காரு. உங்க ஆளுங்க சரியாச் சொல்லல."

அன்றைக்கு எக்ஸ்ரே எடுத்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது என்றார். எலும்பு உடையவில்லை. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், உள்ளே இருக்கும் ரத்தம் தெரியாது. ஆனால் மயங்கினார் என்று எழுதியிருந்தால், தலைவலி என்று திரும்பப் போனபோது மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்க மாட்டார்கள். சீமையில் இப்போது ஒரு மிஷின் வந்திருக்கிறதாம். தலையை வெட்டாமலே வெட்டிப் பார்த்த மாதிரி படம் எடுக்குமாம். ஊசியும் வேண்டாமாம். அது இங்கே வந்தாலும் யாரை அதில் படுக்க வைப்பது என்று கேட்டுத்தான் முடிவு செய்வோம், இதே கேள்விதான் கேட்போம் என்றார்.

மச்சான் ஊருக்குப் போகவில்லை. வார்டு வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தார். காரும் மருந்தும் அவர் செலவு. இளநீர் வாங்கிவந்து அவர் கையாலேயே புகட்டினார். மலம் எடுத்தார். தண்டல் அவர். ஒரு தண்டல் அந்த வேலை செய்து நான் பார்த்ததில்லை. நான் வாயைத் திறந்து குடித்தேன்.

பேச்சு வந்து சில நாள் கழித்துத்தான் கேட்டேன். ஏன் மச்சான் என்றேன்.

அவர் இளநீர்க் கூட்டைக் கையிலேயே வைத்திருந்தார். கப்பிக் கயிறு பழசு, மாற்றணும் என்று தொம்மை சொல்லியிருந்தான், இந்த நடை போய் வந்து மாத்தலாம்னு நான்தான் சொன்னேன் என்றார். ஆக்சிடெண்டு கேஸ் என்று எழுதினால் போலீஸ் வரும். தோணியை நிறுத்துவார்கள். வெங்காயம் அழுகும். முதல் நடையிலேயே ரத்தம் என்றால் எந்த முதலாளியும் அவருக்குத் தோணி கொடுக்க மாட்டான்.

"நீரு எந்திரிச்சு உக்காந்துட்டீரு. பேசிட்டீரு. இனி ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன் மாப்ளே. ஆனாலும் ரோசு கிட்ட எழுப்பி எழுப்பிப் பாக்கச் சொல்லிட்டுத்தான் போனேன்."

"மதுரையிலயும் இல்லன்னீரே."

"அங்க ஒண்ணு சொல்லி இங்க ஒண்ணு சொல்லவா? கரையில யாரு கேட்டாலும் நாம அப்படித்தானே."

"அவரு சுங்கம் இல்ல மச்சான்."

அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. கோபம் வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

மச்சானையாவது புரிந்துகொள்ளலாம். அவருக்குத் தோணி. ரோசம்மாளை எனக்குப் புரியவில்லை. அந்த ராத்திரி அவள் எழுப்பியது பிரியம் என்று நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதை எனக்குத் தெரியாமல் வீட்டில் செய்திருக்கிறாள். பாதி செய்திருக்கிறாள். அண்ணன் மாதா சுரூபத்தின் மேல் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினானாம். அண்ணனுக்குத் தண்டல் வேலை போனால் அவன் பிள்ளைகள் என்ன ஆகும் என்று நினைத்தாளாம். இதையெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். சத்தியத்தை உடைத்தவள் அவள்தான். அவள் உடைத்ததால்தான் நான் இருக்கிறேன். அதையும் எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

ஆனால் தலைவலி என்று நாங்கள் இருவரும் போனோமே, அன்றைக்கு மச்சான் கடலில் இருந்தார். தண்டல் இல்லாத கரை. டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் முந்தானையைப் பார்த்தாள். அந்த இடத்தைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

ஊருக்கு வந்தேன். தலையில் துணிக்கட்டு. பார்க்க வந்தவர்கள் மீனும் முட்டையும் கொண்டுவந்தார்கள். லூர்தும் பிச்சையும் வந்து வாசலிலேயே நின்றார்கள். உள்ளே வாங்கடே என்றேன். வந்தார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. சூசை அண்ணாச்சி கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். அன்னைக்கே சொல்லணும்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு என்றார். மூலைக் கடை அண்ணாச்சி கடனுக்கு அரிசி கொடுத்தார். குடிச்சிருக்கேன்னு சொன்னத மனசுல வைக்காத என்றார். அவர் ஒருவர்தான் என்னிடம் நேராக வருத்தம் சொன்னவர். அவருக்கு ஒன்றும் தெரியாது.

பெரிய டாக்டர் ஆறு மாசம் கடலுக்குப் போகக் கூடாது என்றார். மச்சானின் தோணிக்குப் போக மாட்டேன் என்று நானே முடிவு செய்தேன். அவர் வந்து கேட்கவும் இல்லை.

தலையில் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைப் படித்தால் சரி. அவர் வாயால் உண்மை வராது. அவருக்கே தெரியாது. அவருக்கு நினைவில்லாத அந்தக் கொஞ்ச நேரம் உங்கள் கையில்தான் இருக்கிறது. கேட்கிறவர் போலீஸ் இல்லை.

ஒரு நாள் காலைப் பூசை முடிந்து ரோசம்மாள் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருந்தேன். கேட்டேன்.

"ஏளா, எனக்குத் தெரியறதுக்கு முன்னால எத்தன பேருக்குத் தெரியும்?"

அவள் மீனைக் கீழே வைத்தாள். அண்ணன் என்று ஆரம்பித்தாள். தோணி ஆட்களைச் சொன்னாள். கணக்கப்பிள்ளையைச் சொன்னாள். தன்னைச் சொன்னாள். தன் அம்மா. மதினி. தொம்மையின் பெண்டாட்டி. பூசைக்குச் சொல்லப் போனதால் உபதேசியார். கையெல்லாம் செதிளாக இருந்தது. விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். நடுவில் ஒருவரை விட்டுவிட்டேன் என்று முதலிலிருந்து மறுபடி எண்ணினாள்.

பதினொன்று.